போகலே எழுதாத ஏழு புத்தகங்கள்

திங்கட்கிழமை காலை அடிஸ் அபாபாவின் பொது நூலகத்தைத் திறந்தபோது, ஊரிலுள்ள அப்பாக்கள் எல்லாரும் எழுத்தாளர்களாகியிருந்தார்கள்.

சனி ஞாயிறில் ஒப்பந்தக்காரர்கள் பழைய புத்தகப் பட்டியலைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியிருந்தார்கள். பெயரில் கடைசியாக வருவது குடும்பப் பெயர், அதைத் தூக்கி முன்னால் போடு என்பதுதான் புது மென்பொருளுக்குத் தெரிந்த ஒரே நியாயம். இந்த ஊரில் குடும்பப் பெயர் என்று எவருக்கும் கிடையாது. முதலில் தன் பெயர், பின்னால் அப்பா பெயர், அவ்வளவுதான். இதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள், பட்டியல் பிரிவிலேயே தலை நரைத்துப்போன செனாயித். குறுக்கே நிற்பாள் என்று அவளை விடுப்பில் அனுப்பியிருந்தார்கள்.

திரும்பி வந்தவள் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"டேய் நத்னாயேல், யார்றா இந்த தெஸ்ஃபாயே? சமையல், சட்டம், மாட்டு வைத்தியம், காதல் கவிதை... ஒண்ணு பாக்கியில்ல, எல்லாம் எழுதியிருக்காரு?"

கணினிப் பிரிவு நத்னாயேல் தலையைச் சொறிந்தான். "அது ஒரு ஆளு இல்லக்கா. பதினோரு பேரோட அப்பாங்க."

"பதினோரு அப்பாவையும் ஒரே ஆளாக்கிட்டியா?"

"நான் எங்கக்கா ஆக்கினேன்? சிஸ்டம் ஆக்கிச்சு."

செனாயித் இயக்குநர் மெக்குரியாவிடம் போனாள். அவர் புது மென்பொருளின் திறப்பு விழாவுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார்.

"உலகம் பூரா இப்படித்தான்மா. நாம மட்டும் தனியா நின்னா நல்லாவா இருக்கும்?"

"உலகத்துக்குக் குடும்பப் பேரு இருக்கு சார்."

"நாமளும் ஒண்ணு வச்சுக்கிட்டாப் போச்சு" என்றார் மெக்குரியா. விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஹிருத் போகலே வந்தாள். குழந்தைகளுக்காக ஏழு புத்தகம் எழுதியவள். வெள்ளிக்கிழமை விழாவில் அவள் பெயரில் ஓர் அலமாரி திறப்பதாக ஏற்பாடு. செனாயித்தின் திரையில் அவள் தன் பெயரைத் தேடினாள். போகலே, ஹிருத் என்று வந்தது. ஏழு புத்தகமும் போகலேயின் கீழே கிடந்தன.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து செனாயித் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பதினாறு வயதில் ஹிருத் ஒரு நாவல் எழுதினாள். அப்பா போகலே மெர்காட்டோ சந்தையில் கிடங்குக் காவல்காரர். அந்தத் தாள்கட்டைத் தூக்கி, வறுத்த பார்லி விற்கிறவளிடம் எடைக்குப் போட்டுவிட்டார். தெருவே அவள் நாவலில் பார்லி வாங்கித் தின்றது. வீட்டைவிட்டுப் போனவள் அப்பாவிடம் இன்றுவரை பேசவில்லை.

"படிச்சுப் பாத்துட்டுத்தானே வித்தாரு? இது பொட்டலம் மடிக்கத்தான் லாயக்குன்னு தீர்ப்பு சொன்ன மனுஷன், என் புத்தகத்துக்கு முன்னால நிக்கறதா? என் பேரு முன்னால வரலேன்னா வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். அலமாரியில தக்காளி அடுக்கி வச்சுக்கங்க."

செனாயித் அப்போதே திருத்தப் பார்த்தாள். பெயருக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். சம்பந்தப்பட்ட எழுத்தாளரே கேட்டால்தான் திறக்குமாம். ஹிருத்தே கேட்டாள். விண்ணப்பித்தவர் இந்நூல்களின் எழுத்தாளர் அல்லர் என்று மென்பொருள் மரியாதையாகப் பதில் சொன்னது.

"போகலே ஐயாவே வந்து கேட்டாத்தான் உண்டு" என்றான் நத்னாயேல்.

"அவர் வாசல்ல போய் நான் நிக்கறதா? செத்தாலும் மாட்டேன்" என்று ஹிருத் கிளம்பிப் போனாள்.

ஒருத்தி தன் பெயரைச் சொந்தமாகச் சம்பாதித்து வைத்திருந்தாள், அதை ஒரு வார இறுதியில் பிடுங்கிவிட்டார்கள். புதன்கிழமை வேலை முடிந்ததும் செனாயித்தே போகலேயைத் தேடிப் போனாள்.

அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியில் நூலகப் பட்டியலைப் பார்த்துவிட்டிருந்தாள். அன்றிலிருந்து காபிக் கடையில் கிழவருக்கு முதல் கோப்பை. "வாங்க எழுத்தாளரே" என்று ஆட்கள் எழுந்து இடம் விட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கேள்விகளுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

செனாயித் விஷயத்தைச் சொன்னாள்.

"இப்படியே இருந்தா யாருக்கு என்னம்மா நட்டம்?"

"உங்க மகளுக்கு. அவங்க விழாவுக்கே வரமாட்டேங்கறாங்க."

கிழவர் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் வந்தா அவளும் அங்க இருப்பாளா?"

அப்பா வருவதை ஹிருத்திடம் செனாயித் சொல்லவில்லை. ஒரு கையெழுத்து வேண்டும் என்று மட்டும் சொல்லி வியாழக்கிழமை வரவழைத்தாள். அப்பாவைக் கண்டதும் ஹிருத் நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"'நான் எழுதலே'ன்னு ஐயா சொல்றதாப் போட்டேன். பத்தாதாம், ஆதாரம் கேக்குது" என்றான் நத்னாயேல். "எழுதாததுக்கு எங்கேருந்து ஆதாரம் குடுக்கறது?"

"எனக்கு எழுதத் தெரியாதுன்னு போடு தம்பி" என்றார் போகலே.

நத்னாயேல் சிரித்தான். கிழவர் சிரிக்கவில்லை.

"படிக்கவும் தெரியாது. அதையும் போடு."

ஹிருத் சட்டென்று திரும்பினாள். "பொய். தினம் பேப்பரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்களே!"

"பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கட்டு... நீ பரீட்சைக்கு எழுதிப் பாத்துட்டுப் போட்ட தாளுன்னு நெனச்சேன். இது என்னன்னு உன்னைக் கேட்டிருக்கணும். கேட்டா எனக்குப் படிக்கத் தெரியாதுங்கறது உனக்குத் தெரிஞ்சு போயிடும். அப்புறம் நீ வீட்டைவிட்டுப் போனப்பவும் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நத்னாயேல் சத்தமில்லாமல் தட்டச்சு செய்தான். மென்பொருள் ஏற்றுக்கொண்டது. எழுத்தறிவில்லாத எழுத்தாளர்களுக்கென்று உலகத் தரத்தில் ஒரு கட்டம் இருக்கத்தான் செய்தது.

செனாயித் முழுப் பெயரையும் நேராக எழுதிச் சேமித்தாள். திரையில் ஹிருத் போகலே என்று வந்தது, கீழே ஏழு புத்தகங்கள்.

போகலே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இதுல நான் எதும்மா?" என்று செனாயித்தைக் கேட்டார்.

ஹிருத்தான் எழுந்து வந்தாள். அவர் விரலைப் பிடித்து இரண்டாவது வார்த்தைமேல் வைத்தாள்.

"இதுதான்ப்பா நீங்க. எனக்குப் பின்னால."

கிழவர் விரலை எடுக்கவில்லை. அந்தத் திரையில் நத்னாயேலுக்கு வேறு வேலை இருந்தது. அவன் விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தான்.