கூரையும் மண்ணும் ஒரே நிறம்

செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, டீயை உறிஞ்சியபடியே ஒரு நகரத்தின் தலையெழுத்தை எழுதுகிற உத்தியோகம் அவனுக்கு. வறண்ட பூமி. அதில் ஊர் எந்தப் பக்கம் வீங்குகிறது என்று ஆண்டுதோறும் மேலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவனுக்குக் ‘கழுகு’ என்று பட்டப்பெயர். கழுகாவது பசித்தால் தரைக்கு இறங்கும். இவன் இறங்குவதில்லை.

செழிப்பான ஊரில் இந்த வேலை சுலபம். பச்சையாகத் தெரிந்தால் தோப்பு, வெளுப்பாகத் தெரிந்தால் வீடு. காய்ந்த ஊரில் மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பி, மண்ணையே கூரைக்கும் பூசிவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் வீடும் பொட்டலும் ஒரே நிறம். அதனால்தான் சந்தேகமான இடத்தை நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று விதி. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கழுகு நாற்காலியை விட்டு எழாமலேயே ஊரின் கிழக்கு மேட்டைப் பற்றி ‘வெற்று நிலம், நேரில் பார்த்தது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

அதை நம்பி ஒரு கட்டுமான நிறுவனம் அங்கே புல்டோசரை அனுப்பியது. ஓட்டப் போனவர் கழுகின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

“மாப்ள, வெத்து நிலம்னு நீதான எழுதின? இங்க அடுப்பு பொகையுதுடா!”

“அங்க ஆளே கெடையாது மச்சான். படத்துல...”

“படத்துல இல்லாதவன்தான் கல்லோட ஓடி வர்றான்! கம்பெனிக் காவல்காரனுங்க தடியோட நின்னு இடி இடிங்கறானுங்க. ஒரு செவுத்தச் சாச்சுட்டேன்டா...”

கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. அதோடு இணைப்பு அறுந்தது.

கழுகு பைக்கில் பறந்து போய்ச் சேர்ந்தபோது, காவல்காரர்கள் நாலைந்து மண்டைகளைப் பிளந்துவிட்டு ஓடியிருந்தார்கள். அகப்பட்டவர் மச்சான்தான். தரையில் கிடந்தார், வாயெல்லாம் ரத்தம். ஒருவன் அவர் தலைக்கு நேராகக் கடப்பாரையை ஓங்கியிருந்தான். அது இறங்கினால் மனைவிக்கு அண்ணன் இல்லை.

பைக்கைத் திருப்பியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். திருப்பத்தான் பார்த்தான். மச்சான் அவனைப் பார்த்துவிட்டார். பார்த்தும் காட்டிக் கொடுக்கவில்லை, முகத்தை மண் பக்கம் திருப்பிக்கொண்டார். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“அவர விடுங்க! இங்க யாருமே இல்லன்னு எழுதினவன் நான்!”

கூட்டம் மொத்தமும் இவன் மேல் பாய்ந்தது. மச்சானுக்கு ஓங்கிய கடப்பாரை இவன் இடது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. விலாவில் உதை, வாயில் குத்து.

“போதும்டா!” என்று ஒரு பெண் குறுக்கே வந்தாள். சாய்ந்த சுவர் அவளுடையது. நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. “வலது கைய விட்டு வைங்க. செத்தவனா வந்து மாத்தி எழுதுவான்?”

“இன்னும் ரெண்டு பல்லாவது எடுத்துக்கறேனே அக்கா.”

“எடுத்துக்க. எழுதறதுக்குப் பல்லு எதுக்கு?”

பேரம் படிந்தது. பல்லும் போயிற்று.

மறுநாள், மாவுக்கட்டோடு அவன் நீட்டிய புதிய அறிக்கையைப் படித்த அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. ‘இங்கே குடியிருப்பு உள்ளது. நான் நேரில் போகாமலே போனதாகப் பொய் எழுதினேன்.’

“யோவ், பைத்தியமா உனக்கு? செயற்கைக்கோள் கோளாறுன்னு ஒரு வரி போடுய்யா. உன் வேலையும் தப்பிக்கும், என் வேலையும் தப்பிக்கும்.”

வீங்கிய உதட்டைச் சிரமப்பட்டு அசைத்தான் கழுகு.

“கோளாறு மேல இல்ல சார், இந்த நாற்காலியிலதான். படத்துல வீடு தெரியலன்னா அங்க வீடு இல்லன்னு அர்த்தமில்ல, நாம போய்ப் பாக்கலன்னு அர்த்தம். அந்தச் செவுத்த மொதல்ல இடிச்சது என் கையெழுத்து. புல்டோசர் அப்புறம்தான் வந்துச்சு.”