கன்றுக்குட்டி முடிச்சு

நாச்சியம்மாள் ஊராட்சித் தலைவியாகி ஒரு வருசம் ஆகப்போகிறது. கிணத்துக்கடவுப் பக்கத்து அந்த ஊரில் யார் "தலைவருங்க!" என்று கூப்பிட்டாலும், "சொல்லுங்க" என்று திரும்புகிறவர் என்னவோ அவள் புருஷன் நஞ்சுண்டன்தான். பெண்களுக்கு ஒதுக்கிய பதவி. நின்றது அவள், ஜெயித்தது அவள், நாற்காலியில் உட்கார்ந்தது மட்டும் அவர். தொலையட்டும் என்று அவளும் விட்டிருந்தாள்.

ஆனால் கொடியை விட மனசு வரவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஐம்பதாவது வருசம். இந்த ஒரு தடவையாவது தன் கையால் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசை.

"ஏனுங்க, நாளைக்குக் கொடிய நான் ஏத்தட்டுங்களா?"

"உனக்கெதுக்கு அம்மணி அந்த ரோதனை? சனங்க முன்னால கயிறு சிக்கிப்போட்டா மானம் போயிரும். நீ பூவ வெச்சுக் கட்டிக் குடு, போதும்."

வந்ததே கோபம் அவளுக்கு! விடிந்து பால் கறக்கப் போய்க் கன்றுக்குட்டியைக் கட்டும்போதும் அது அடங்கவில்லை. கன்று முட்டி முட்டி இழுத்தது. இழுக்க இழுக்க முடிச்சு இறுகியது. கறந்து முடித்து நுனியை ஒரு சுண்டு சுண்டினாள், அவிழ்ந்துவிட்டது. நாச்சியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருசமாகப் பால் குடிக்கிற மனுஷன், ஒரு நாளாவது கன்றைக் கட்டியிருக்கிறாரா?

அலுவலக வாசலில் ரோஜா இதழ்களை வைத்துக் கொடியைக் கட்டினாள். உதவிக்கு நின்ற வார்டு உறுப்பினர் மாசாணியம்மாள் கண்ணை விரித்தாள்.

"ஏனுங்கக்கா, இது கன்னுக்குட்டிக்குப் போடற முடிச்சுங்களே!"

"கம்முனு இரு கண்ணு."

கொடி மூட்டையாக உச்சிக்குப் போனது. வெள்ளை வேட்டி சட்டையில் நஞ்சுண்டன் வந்து, தொங்கிய இரண்டு கயிற்றில் வழக்கமாக இழுக்கிறதை இழுத்தார். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். கைதட்டத் தயாராக நின்ற பள்ளிப் பிள்ளைகள் கையை இறக்கிக்கொண்டார்கள்.

"கப்பி சிக்கிக்கிச்சாட்ட இருக்குது" என்று வேர்வையைத் துடைத்தார்.

"தலைவருங்க!" என்று மாசாணியம்மாள் குரல் கொடுத்தாள்.

"சொல்லுங்க" என்றார் நஞ்சுண்டன்.

"உங்களையில்லீங்க. தலைவரத்தானுங்க கூப்புட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாச்சியம்மாள் கொடிமரத்தை நோக்கி நடந்தாள். அவர் இழுத்த இழுப்பில் முடிச்சு நிஜமாகவே மாட்டிக்கொண்டிருந்தால்?

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மற்றக் கயிற்றைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினாள்.

கொடி விரிந்தது. ரோஜா இதழ்கள் அத்தனையும் நஞ்சுண்டன் தலையில் கொட்டின. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அத்தனை சந்தோஷம்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டார். "முடிச்சுப் போட்டது நீதான?"

"கட்டச் சொன்னீங்க, கட்டுனேனுங்க."

முறைக்கத்தான் பார்த்தார். முடியாமல் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை, கறவை நேரத்தில் வாசலில் யாரோ "தலைவருங்க!" என்றார்கள். கட்டிலில் இருந்த நஞ்சுண்டன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"அம்மணி, உன்னத்தான் கூப்புடறாங்க."

"இதோ வாரேனுங்க" என்று வாசலுக்குக் குரல் கொடுத்த நாச்சியம்மாள், கையிலிருந்த கயிற்றை அவரிடம் நீட்டினாள். "நீங்க போயி அந்தக் கன்னுக்குட்டியக் கட்டுங்க."