நாலு டிகிரி

"அந்த வாசப்படிய தாண்டின, கால ஒடச்சிருவேன்!"

ராகேஷ் சொன்னதோடு நிற்கவில்லை. கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரை வீசினான். அது மனைவி லாவண்யாவின் தோளில் பட்டு, டைல்ஸில் உருண்டு, டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் போய் நின்றது. சூடான காப்பி அவள் நைட்டியில் வழிந்தது. சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் பரந்தாமன், காப்பி தன்மேல் படாமல் கால்களை மட்டும் தூக்கிக்கொண்டார்.

அவள் தாண்டப் பார்த்தது பூஜை அறையின் வாசற்படியை. அன்று அவளுக்குத் தூரம். கூடத்து மூலையில் ஒரு பாய், தனித் தட்டு, தனிச் சொம்பு. அம்பத்தூரில் லிஃப்ட் வைத்துக் கட்டிய வீடுதான். அதிலும் அந்தப் பாய்க்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

தூரமானவளுக்குப் பூஜை அறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. குளிர்பெட்டி லாரிகளில் மருந்து ஏற்றி அனுப்புவது இவர்கள் தொழில். ஒவ்வொரு லாரியிலிருந்தும் குளிர், இடம், டீசல், கதவு என்று தனித்தனியாக வரும் தகவல்களை ஒன்றுசேர்த்து, அந்தந்த நொடியே மருந்துக் கம்பெனிக்கு அனுப்பும் மென்பொருள் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அதை அமைத்தவள் லாவண்யா. கல்யாணத்துக்கு முன் ஐ.டி. கம்பெனியில் இதே வேலையைத்தான் பார்த்தாள். "நம்ம ஊட்டுப் பொம்பள வேலைக்குப் போவக் கூடாது" என்று நிறுத்தியவர்களே, நேரடித் தகவல் வந்தால்தான் ஒப்பந்தம் என்று மருந்துக் கம்பெனி சொன்னதும், ஓடிவந்து அவளைத்தான் பிடித்தார்கள்.

"தொழிலு நமக்கு லட்சுமி. லட்சுமி சாமி ரூம்லதான் இருக்கணும்" என்றார் பரந்தாமன். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாகிவிட்டது. அந்த லட்சுமியை ஓட்டுகிறவள் மாதாமாதம் வெளியே உட்கார வேண்டியவளாயிற்றே என்ற யோசனை இத்தனை பெரிய மனிதர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

"ஏங்க, நான் சொல்றத ஒரு தடவ கேளுங்க" என்றாள் லாவண்யா, தோளைப் பிடித்தபடி. "வேலூர் போற வண்டியில இன்சுலின் கீது. ஸ்கிரீன்ல நாலு டிகிரி அப்படியே நிக்குது பாருங்க."

"நாலுதான கேட்டாங்க? நாலு காட்டுது. அப்பறம் இன்னாடி?"

"நிஜமா ஓடற நம்பர் இப்படி நிக்காதுங்க. நாலு ஒண்ணு, மூணு ஒம்போதுன்னு ஆடிக்கினே இருக்கும். தகவல் வர்றது நின்னுபோச்சி. கடைசியா வந்தத வச்சிகினு சும்மா காட்டுது. உள்ள எப்படி கொதிக்குதோ தெரியல. ஒரு நிமிஷம் விடுங்க, சரி பண்ணிடுறேன்."

"தூரத்தோட சாமி ரூமுக்குள்ளயா? ஊடு வெளங்கிரும்!" மாமியார் சுலோசனா வாசலை மறித்து நின்றாள்.

"அப்ப டிரைவர் தினேஷுக்காச்சும் போன் போடுங்க. நிறுத்தி, பெட்டியத் தொறந்து பாக்கச் சொல்லுங்க."

கன்னத்தில் அறை விழுந்தது. "டிரைவர் பேரு நாக்கு நுனியிலயே வச்சிகினு கீறியா?" என்றான் ராகேஷ். தினேஷுக்கு யாரும் போன் செய்யவில்லை. திரை பச்சையாக நாலு டிகிரி காட்டிக்கொண்டே இருந்தது. லாவண்யா பாயில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியே அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை. யாரோ ஒரு சர்க்கரை நோயாளி இந்த மருந்தை நம்பிக் குத்திக்கொள்வானே என்ற நினைப்புதான் ஓடியது.

சாயங்காலம் வேலூரிலிருந்து போன் வந்தது. லாரியில் குளிர் மிஷின் எப்போதோ நின்றுவிட்டது. உள்ளே நல்ல வெயில்சூடு. லோடு மொத்தமும் வீண். ஒப்பந்தம் ரத்தாகும் போலிருந்தது.

ராகேஷ் போனை வைத்தான். பாயிலிருந்த லாவண்யாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். கூடத்து டைல்ஸில் அவள் கால்கள் தேய, பூஜை அறை வாசற்படி முதுகில் இடிக்க, உள்ளே கொண்டுபோய்த் தள்ளினான்.

"பாருடி! நல்லா பாரு! நாலுன்னுதான காட்டுது? உன் மிஷின்தான இது?"

முகத்தை மானிட்டர் மேஜையில் மோதினான். உதடு கிழிந்தது. இடுப்பில் உதைத்தான். குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் கொட்டியது. கோலத்தின் மேல் ரத்தம் சொட்டியது. காலையில் வாசலை மறித்த சுலோசனா இப்போது வழிவிட்டு ஒதுங்கியிருந்தாள். பரந்தாமன், "மெதுவாடா, பக்கத்து ஊட்டுக்குக் கேக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ராகேஷின் போன் மறுபடி அடித்தது. கம்பெனிக்காரர்கள். எடுத்துக் குழைந்துகொண்டே கூடத்துக்குப் போனான்.

லாவண்யா எழுந்தாள். கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"அய்யய்யோ! தூரத்தோட உள்ள பூந்துகினாளே! தீட்டுடி, வெளிய வாடி!" சுலோசனாவுக்கு இப்போதுதான் நாக்கு வந்தது.

"உங்க புள்ள முடியப் புடிச்சி இழுத்துகினு வந்தப்ப தீட்டு எங்க போச்சி அத்தே? அடி வாங்க மட்டும் உள்ள வரலாமா?"

சுலோசனா கதவை ஓங்கித் தட்டினாள்.

அவள் உட்கார்ந்தாள். உறைந்து நின்ற மென்பொருளை நிறுத்தி, புதிதாக ஓடவிட்டாள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எண்கள் அசைந்தன. மற்ற லாரிகள் நாலையொட்டி ஏறி இறங்கின. வேலூர் வண்டி முப்பத்தொன்று காட்டியது.

தகவல் நின்றுபோனால் கம்பெனி காரணம் கேட்கும்; அதற்கென்று கட்டம் ஒன்றைத் திரையில் வைத்தவளும் அவள்தான். கிழிந்த உதட்டைப் புறங்கையால் துடைத்துவிட்டு எழுதினாள்: 'இதை இயக்குகிறவள் நான். எனக்கு மாதவிலக்கு. அதனால் அறைக்குள் விடவில்லை. நின்றுவிட்டது என்று சொன்னேன், கணவர் அடித்தார். மருந்து கெட்ட பிறகு இதே அறைக்குள் இழுத்துவந்து அடித்தார். லாவண்யா.'

அனுப்பினாள்.

ராகேஷ் கதவை உதைத்தான். "இன்னாடி எழுதின? என் போன்லயும் வந்துகீது! அழிடி அத! மானம் போவுதுடி!"

"அழிக்க முடியாதுங்க" என்றாள் உள்ளேயிருந்து. "அந்தந்த நொடியே போயிச் சேர்ற மாதிரிதான செய்யச் சொன்னீங்க? இந்நேரம் படிச்சிகினு இருப்பாங்க."

உதை நின்றது. கூடத்தில் ராகேஷின் போன் அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை.