செவ்வாய்க்கிழமை வரை ஆர்டிஸ்

1

இந்தக் கதை ஒரு தேர்தல் விதியிலிருந்து பிறந்தது. எங்கள் விஸ்கான்சினில், தபாலில் ஓட்டுப் போட்டவர் தேர்தல் நாளுக்கு முன் இறந்துவிட்டால் அந்த ஓட்டை எண்ண மாட்டார்கள். கவர்னர் பதவிக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் முதல்கட்டத் தேர்தல் செவ்வாய்க்கிழமை. என் மனைவி ஆர்டிஸ் வெள்ளிக்கிழமை இறந்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆகஸ்ட் மாதம் சோளக்காடுகள் ஆளுயரத்துக்கு…’ வேண்டாம். அவள் கட்டிலிலிருந்து சோளம் தெரியாது.

2

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். அவள் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ள, பனியில் காரோட்டி வெளியூர் போனோம். திரும்பும் வழியெல்லாம் அவள் வாளியில் வாந்தி எடுப்பாள். ஹால்வர்சன் என்ற பெண் வேட்பாளர் மட்டும்தான் அந்த ஆஸ்பத்திரியை மறுபடி திறப்பேன் என்றார்.

“அந்தம்மா ஜெயிக்கவே மாட்டாங்க, ஆர்டிஸ்.”

“தோக்குற ஆளுன்னு தெரிஞ்சுதானே உன்னையும் கட்டிக்கிட்டேன்? ஓட்டுச் சீட்டக் குடு.”

(தபால் ஓட்டு உறையின் மேல் சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அவளே போட்டாள் என்பதற்குத்தான் சாட்சி. அவள் இருந்தாள் என்பதற்கும்.)

3

திங்களன்று அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்னா வந்தாள். முடிதிருத்துபவள், ஊர்த் தேர்தலை நடத்தும் டவுன் கிளார்க்கும் அவள்தான்.

“ஆர்விட், நாளைக்கு அவ உறைய நான் தனியா எடுத்து வச்சிரணும்ப்பா.”

“போடும்போது உயிரோடதானே இருந்தா?”

“செவ்வாய்க்கிழம இருக்காளான்னுதான் சட்டம் கேக்குது.”

“நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியப்போகுது?”

“பெட்டியில வச்சு அவளுக்குத் தலைவாரி விட்டவளே நான்தான். எனக்குத் தெரியாதா?” அழுதாள். “வேணும்னா ஒண்ணு செய்யி. உன் ஓட்ட அந்தம்மாவுக்குப் போட்ரு.”

“அது என் ஓட்டு, வெர்னா. அவளோடது ஆகாது.”

ஹால்வர்சன் படுதோல்வி அடைந்தார். அந்த ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது. அதனால்தான் கேட்கிறேன், எண்ணியிருக்கலாமே?

4

கதையில் எண்ணலாம். ஆர்டிஸைச் செவ்வாய்க்கிழமை வரை உயிரோடு வைத்தால் போதும்.

‘சனிக்கிழமை காலை அவள் கண்விழித்து…’

நிறுத்திவிட்டேன். கண்விழித்தால் மூச்சுத் திணறும். மார்ஃபின் போதாது. விரல்களால் போர்வையைப் பிடுங்குவாள்.

வலியில்லாமல் எழுதலாமே என்பீர்கள். முயன்றேன். வலியில்லாத அந்தப் பெண் யாரோ. அவளுக்கு எதற்கு ஆஸ்பத்திரி, எதற்கு ஹால்வர்சன்?

5

எனவே கதை வெள்ளிக்கிழமை மாலையில் நிற்கிறது. ஆர்டிஸ் மூச்சை உள்ளே இழுத்திருக்கிறாள்; இன்னும் விடவில்லை. அவள் ஓட்டு எண்ணப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் தொடர்ந்து எழுதலாம். ஆனால் நேரே செவ்வாய்க்குத் தாவக் கூடாது. சனியும் ஞாயிறும் திங்களும் நடுவே இருக்கின்றன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.