சூடாக்கி வைத்த எஞ்சின்

என் வீட்டுக்காரரை மச்சான் என்று கூப்பிட மன்னவனூரில் எத்தனையோ பேருக்கு முறை இருக்கிறது. ஆனால் சுபஸ்ரீ கூப்பிட்டால் மட்டும் அவர் கையிலிருக்கிற ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் திரும்புவார். நான் கூப்பிட்டால் ஸ்பேனரோடுதான் திரும்புவார். கல்யாணமான நாளிலிருந்து இதைக் கவனித்து வருகிறேன்.

சுபஸ்ரீ அவருடைய அத்தை மகள். இருவருக்கும்தான் பேசி வைத்திருந்தார்களாம். மேலே படிக்கணும் என்று அவள் கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் மலையிலிருந்து இறங்கிக் கன்னிவாடிக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். இதை என் மாமியார் என் வளைகாப்பில் ஒரு தடவை சொன்னார், மகளின் காதுகுத்தில் ஒரு தடவை சொன்னார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பேச்சுவாக்கில் சொன்னதுதான். எனக்குத்தான் வயிறு எரிந்தது.

படித்த சுபஸ்ரீக்குக் கல்யாணமாகி, புருஷன் மஸ்கட்டில் இருக்கிறார். அவள் ஊருக்கே திரும்பி வந்து, கொடைக்கானல் போகிற வழியில் உள்ள சின்ன ஏரியில் பெடல் படகு விடுகிற குத்தகையை எடுத்தாள். சுற்றுலாக்காரர் யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்கி வர மோட்டார் படகு ஒன்று எப்போதும் தயாராக நிற்க வேண்டும் என்பது குத்தகையின் நிபந்தனை. புதிதாக வாங்கக் கட்டுபடியாகாது, பழையதாகப் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரர் ராமரிடம் வந்து நின்றாள். அவர் பூண்டுத் தோட்டங்களின் பம்புசெட்டைப் பழுது பார்க்கிறவர். எஞ்சின் எதுவானாலும் ஊரில் அவரைத்தான் கேட்பார்கள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. படகு வந்த பிறகு அதை ஓட்ட, பார்த்துக்கொள்ள, விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் மச்சானே ஏரிக்கரையில் இருந்துவிடட்டும், மாசச் சம்பளம் தருகிறேன் என்றாள். இவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. படகு மட்டும் அமையட்டும் சுபா என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கன்னிவாடியைத் தாண்டி ஓர் அணைக்கரையில் படகு இருப்பதாகத் தகவல் வந்ததும், அம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாகிறது, வழியில் இறங்கிக்கொள்கிறேன் என்று நானும் கிளம்பினேன். என் பிறந்த வீட்டுக்குக் கூட வாருங்கள் என்றால் சோலி கெடக்கு என்று சொல்கிற மனுஷன், அன்றைக்கு வெள்ளனே எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். ஜீப்பை சுபஸ்ரீ ஓட்டினாள். அவர் முன்னால் அவளுக்குப் பக்கத்தில். நான் பின்னால் டூல்ஸ் பைக்குப் பக்கத்தில். பெரும்பாறை வழியாக இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பை என் மேல் சாய்ந்தது. அவர்கள் இருவரும் சின்ன வயதில் யாருடைய தோட்டத்தில் பிளம்ஸ் திருடினார்கள் என்று பேசிக்கொண்டே வந்தார்கள். கன்னிவாடி வந்தது. இறங்கலையா என்று கேட்டார். வரும்போது இறங்கிக்கொள்கிறேன் என்றேன்.

படகுக்குச் சொந்தக்காரர் மலைச்சாமி, அணையில் மீன் குத்தகை எடுத்திருந்தவர். வாயெல்லாம் பல்லாக வரவேற்று மோர் கொடுத்தார். படகு கரையோரம் கட்டிக் கிடந்தது. பின்பக்கம் மாட்டியிருந்த எஞ்சின் மேல் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டிருந்தார். ராமர் சாக்கை எடுத்து, மூடியைக் கழற்றி உள்ளே கை வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"சூடாக்கி வச்சிருக்காரு பாரு சுபா. வாங்க வர்றவுகள காத்து நிக்க விடக் கூடாதுன்னு நெனைக்கிற மனுசன்."

எங்கள் மலையில் அது வழக்கம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்து கிடக்கும்போது எந்த எஞ்சினும் லேசில் கிளம்பாது. ஒரு கொப்பரை வெந்நீர் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓட்டி வைப்பார்கள். எஞ்சினை விற்கிறவர் என்றால் ஆள் வருமுன்பே அதைச் செய்து வைப்பார். வருகிறவருக்கு முன்கூட்டியே காபித் தண்ணீர் கொதிக்க வைப்பது மாதிரி ஒரு மரியாதை.

அப்புறம் அவர் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். அடியில் ஒரு திருகைக் கழற்றி, சொட்டிய எண்ணெயை விரலில் தேய்த்தார். தண்ணீர் உள்ளே போயிருந்தால் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கும், இது சுத்தமாக இருக்கிறது என்று அவளுக்கு விளக்கினார். பிளக்கைக் கழற்றிக் காட்டினார். அவள் செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர் தோளோடு தோளாகக் குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு பிளக்கைக் காட்டியிருப்பாரா அந்த மனுஷன்? கயிற்றை ஒரே இழுப்பு, எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. உயிர் காக்கும் சட்டை இரண்டுதான் இருந்ததால் அவர்கள் இருவரும் ஏறி ஒரு சுற்றுப் போனார்கள். நான் கரையில் நின்றேன்.

அணைக்கு நடுவில் அவள் ஏதோ சொல்ல, இவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமைதான், வேறென்ன. வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்தில் நின்ற மலைச்சாமி துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வெயிலில் எஞ்சினை எதற்குச் சூடாக்க வேண்டும்?

கன்னிவாடியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிணற்றில் ஆயில் எஞ்சின் இருந்தது. வெந்நீரும் கிடையாது, ஒன்றும் கிடையாது, பச்சையாகவே கிளம்பும். அதை ஓட்டியவர் எனக்குச் சொல்லிக்கொண்டே ஓட்டுவார். விலைக்கு வந்த எஞ்சினைத் தொட்டுப் பார்த்து, அது சுட்டால் பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும் என்பார். ஆறிய நிலையில் கிளம்பாத எஞ்சினைத்தான் கீழ்நாட்டில் சூடாக்கி வைப்பார்கள். மலையில் மரியாதை, இங்கே அது ஏமாற்று வேலை. சாக்கை நனைத்துப் போட்டதும் அந்தச் சூட்டை மறைக்கத்தான்.

உடனே கத்தவில்லை நான். பேசாமல் இருந்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. வாங்கட்டும். மன்னவனூர்க் குளிரில் அது கிளம்பாமல் கிடக்கட்டும். நீங்கள் பார்த்துச் சொன்ன லட்சணம் இதுதானா என்று அவள் கேட்கட்டும். அதோடு இந்த மச்சான் உறவு முடிந்து போகும். நினைக்க நினைக்க இனித்தது. அடுத்த நொடியே இன்னொன்று தோன்றி இனிப்பெல்லாம் போய்விட்டது. கெட்ட எஞ்சினுக்குத்தானே மெக்கானிக் பகலும் ராத்திரியும் வேண்டும்? இவர் பாயை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கே போய்விடுவார். தண்ணீரில் விழுந்த யாரோ ஒரு பிள்ளையைத் தூக்கப் படகு கிளம்பாமல் போகுமே என்பது எனக்கு மூன்றாவதாகத்தான் தோன்றியது. அதை மறைக்க மாட்டேன்.

கரைக்கு வந்ததும் பிரமாதம் என்றார். சுபஸ்ரீ அட்வான்ஸ் கொடுக்கக் கைப்பையைத் திறந்தாள்.

"ஏங்க, எஞ்சின் ஆறட்டும்" என்றேன். "சாப்பிட்டுட்டு வந்து இன்னொருக்கா இழுத்துப் பாருங்க."

தனக்கு வத்தலக்குண்டில் அவசர வேலை இருப்பதாக மலைச்சாமி சொன்னார். ஒரே இழுப்பில் கிளம்பிய எஞ்சினில் உனக்கு என்ன தெரியும், பேசாமல் ஜீப்பில் போய் உட்கார் என்று அவள் முன்னாலேயே இவர் என்னைக் கடிந்தார். நான் நகரவில்லை.

"மன்னவனூர்னா சரிங்க. இந்த வெயில்ல எவன் எஞ்சினச் சூடாக்கி வைப்பான்?"

ராமர் மலைச்சாமியைப் பார்த்தார், ஈரச் சாக்கைப் பார்த்தார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

சாக்கை எடுத்து வெயிலில் காயப்போட்டுவிட்டு, எஞ்சினை மூடி இல்லாமல் நிழலில் ஆறவிட்டோம். கட்டிக்கொண்டு வந்த தக்காளிச் சாதத்தை மூவரும் சாப்பிட்டோம். அப்புறம் இழுத்தார். இழுத்தார், இழுத்தார், இஸ்திரிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சின் இருமியது, கொஞ்சம் புகை விட்டது, அவ்வளவுதான். உள்ளே எல்லாம் தேய்ந்து கிடக்கிறது, சூட்டில் தெரியவில்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்றார் மலைச்சாமி. சுபஸ்ரீ கைப்பையை மூடிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தாள்.

திரும்பும்போது சுபஸ்ரீ என்னை முன்னால் உட்காரச் சொன்னாள். டூல்ஸ் பையோடு பின்னால் உட்கார்ந்தது அவர்.

"அக்கா, அடுத்த படகு பாக்கவும் நீங்கதான் வரணும்" என்றாள். "மச்சான் வராட்டியும் பரவால்ல."

அவள் மேல் எனக்கு இருந்த எரிச்சலில் பாதி அந்த இடத்திலேயே இறங்கிப் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சூடா இருந்தா வாங்கக் கூடாதுன்னு ஒனக்கு யாரு சொன்னது?"

"சின்னக்கருப்பன்."

"அது யாரு?"

"எங்க மாமா மகன். எனக்கு முறை."

சுபஸ்ரீ கியரை மாற்றினாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேரை அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்ல அதில் ஒன்றும் இல்லை. கிணற்று மேட்டில் எஞ்சின் ஓடும், அவர் பேசுவார், நான் துணி துவைத்துக்கொண்டே கேட்பேன். அவ்வளவுதான்.

"இப்ப எங்க இருக்காப்ல?"

"கன்னிவாடியிலதான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மோட்டார் கடை வச்சிருக்காரு."

கன்னிவாடி வந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டு நாளைக்குப் பஸ்ஸில் வருகிறேன், இங்கே நிறுத்து என்று சுபஸ்ரீயிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜீப் ஓரம் கட்டியது. நான் கதவைத் திறப்பதற்குள் பின்கதவு திறந்தது. டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் ரோட்டில் நின்றார்.

நீங்கள் ஏன் இறங்கினீர்கள், வாங்க மச்சான், இருட்டுமுன்னே ஊருக்குப் போய்விடலாம் என்று சுபஸ்ரீ கூப்பிட்டாள். அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. ரோட்டோரக் கடைகளின் போர்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல சோலி கெடக்குமேங்க" என்றேன்.

"கெடக்கட்டும்" என்றார்.