உறை விட்ட சாதம்

பிரெட் கூடாது. பிஸ்கெட், நூடுல்ஸ், மைதாவில் செய்த எதுவும் கூடாது. சூடு ஆறாமல் காக்கும் டப்பாவும் கூடாது, ஏனென்றால் எப்போதோ ஒரு பையன் அதைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டானாம். ஆறிய பிறகும் நன்றாக இருக்க வேண்டும், சத்தாக இருக்க வேண்டும், ஆறு வயதுக் குழந்தை மேலே சிந்தாமல் தானே சாப்பிட வேண்டும். கச்சிபௌலியில் என் மகள் நித்யஸ்ரீ படிக்கும் பள்ளியின் சட்டம் இது. இதை எழுதிய புண்ணியவானை ஒரே ஒரு வாரம் என் சமையலறையில் நிறுத்திவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

என் சமையலறை என்றுதான் சொல்வேன். என் மனைவி ஷர்மிளாவுக்குப் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். நான் வீட்டிலிருந்தே லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறவன். ஆகவே மதிய டப்பா என் தலையில் விழுந்தது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் நான் ஒருவன்தான் அப்பா. மற்ற அம்மாக்கள் காலையிலேயே படம் போட ஆரம்பித்துவிடுவார்கள். வெள்ளரிக்காயில் முயல், கேரட்டில் பூ, பீட்ரூட்டில் மயில். பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு அனுப்புகிறார்களா, கண்காட்சிக்கு அனுப்புகிறார்களா என்று கேட்கத் தோன்றும். கேட்டால் குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

போன வருடம் அவள் யூகேஜியில் இருந்தபோது நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். சப்பாத்தி மதியத்துக்குள் விறைத்தது. இட்லி கல்லானது. பொங்கலை ஸ்பூனால் குத்தினால் மொத்தமாகக் கிளம்பி வந்தது. சுண்டலைப் பக்கத்துச் சிறுமியோடு சேர்ந்து எறிந்து விளையாடினாள். கடைசியில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஆறியே இருக்க வேண்டிய சாப்பாடு ஒன்று நம்மிடம் இருக்கும்போது நான் ஏன் இப்படி அல்லாடுகிறேன்? தயிர் சாதம்!

அதிலும் ஒரு பக்குவம் உண்டு. காலையில் தயிரையே ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். அதனால் ரயில் பயணத்துக்கு நம் வீடுகளில் கட்டுவதுபோல, குழைந்த சாதத்தைப் பாலில் பிசைந்து, உறைக்கு ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டு, உப்பும் இஞ்சியும் போட்டு, கடுகு தாளித்து மூடிவிடுவேன். சாப்பிடுகிற நேரத்துக்கு அது தானாகத் தயிர் சாதமாகியிருக்கும். யூகேஜி முடியும்வரை டப்பா வழித்துத் துடைத்ததுபோல வந்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள், சனி பிடித்தது. டப்பா அனுப்பியபடியே திரும்பி வந்தது.

"ஏன் சாப்பிடல?"

"கர்ட் ரைஸ் நஹி ஹை அப்பா. மில்க் ரைஸ் ஹை." தயிர் சாதம் இல்லையாம், பால் சாதமாம்; பள்ளியில் தொற்றிய இந்தி.

பையைக் கொண்டுவந்து மேற்கு வெயில் விழும் பால்கனியில் போட்டுவிட்டு விளையாட ஓடிவிடுவாள். என் மீட்டிங்குகள் முடிந்து நான் டப்பாவைத் திறக்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். திறந்து ஒரு வாய் போட்டுப் பார்த்தால், கெட்டியாக, அளவான புளிப்போடு, அப்படி ஒரு தயிர் சாதம். பாத்திரம் தேய்க்கும் தொட்டியருகே நின்றபடியே நான் அதைத் தின்று தீர்ப்பேன். அப்படியும் எரிச்சல் அடங்காது.

"நித்யா, இங்க வா. இதப் பாரு. இது பாலா?"

எட்டிப் பார்த்தாள். முகம் குழம்பியது. "லஞ்ச்ல மில்க்கா இருந்துச்சுப்பா."

"போன வருஷம் மட்டும் எப்படித் தயிரா இருந்துச்சு? அதே அரிசி, அதே பால், அதே அப்பன்."

மறுநாளும் இதே கதை. அடுத்த வாரமும் இதே கதை. இருமலுக்காக டாக்டரிடம் போனோம். அவர் குழந்தையை எடைமெஷினில் ஏற்றி, பழைய சீட்டைப் பார்த்து, இறங்கியிருக்கிறதே என்றார். மதியம் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். ஷர்மிளா என்னைப் பார்த்தாள். உண்மையிலேயே பயந்துபோனேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"அவ பொய் சொல்ற பிள்ளை இல்லங்க" என்றாள் ஷர்மிளா, ஆட்டோவில்.

"அப்ப நான் பொய் சொல்றேனா? தினம் நாக்குல வச்சுப் பாக்கிறேன்!"

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை நிற்கவைத்துச் சொன்னேன். "இனிமே பால் சாதம்னு பொய் சொன்னே, எனக்குக் கெட்ட கோபம் வரும். டப்பா காலியா வரணும். புரிஞ்சுதா?" அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் டப்பா காலியாக வந்தது. அதற்கு மறுநாளும். "எப்படி இருந்துச்சு?" என்றேன். "குட் கர்ட் ரைஸ் அப்பா" என்றாள். கண்டிப்பு என்றால் இதுதான் என்று ஷர்மிளாவிடம் பீற்றிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அம்மாக்கள் குழுவில் ஒரு படம் போட்டேன். காலி டப்பாவின் படம். கைதட்டல்கள் குவிந்தன.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. முற்பகலில் வகுப்பாசிரியை சுமலதா மிஸ் போன் செய்தார். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர். பாதி தெலுங்கு கலந்துதான் பேசுவார்.

"சார், பாப்பா ரோஜு, தினம் தினம், லஞ்ச்சை டஸ்ட்பின்ல கொட்டுதாம். ஆயா இப்பதான் சொல்லுது. இன்னைக்கு பி.டி. பீரியட்ல தல சுத்தி உக்காந்துடுச்சு. இப்ப பாகுந்தி, பரவால்ல. கொஞ்சம் வாங்க சார்."

பைக்கை எடுத்தேன். கச்சிபௌலி சிக்னலில் ஊரே நின்றுகொண்டிருந்தது. தலை சுற்றி உட்கார்ந்தாள் என்பது ஒரு பக்கம் பயமுறுத்தியது. இன்னொரு பக்கம், கொட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்து 'குட் கர்ட் ரைஸ்' என்றாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. இந்த வயசில் இத்தனை பொய்யை எங்கே கற்றாள்? அந்தப் படத்தை வேறு போட்டுத் தொலைத்திருக்கிறேன்.

ஒன்றாம் வகுப்பு புதுக் கட்டடத்தில் இருந்தது. நான் அதற்குள் போனதே இல்லை. யூகேஜி பழைய கட்டடத்தில், ஃபேனுக்குக் கீழே. கதவைத் தள்ளியதும் சில்லென்று முகத்தில் அறைந்தது. பாதிப் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். பின்சுவரில் ஏ.சி. உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே அலமாரியில் பைகள் வரிசையாக இருந்தன.

சாப்பாட்டு மணி அப்போதுதான் அடித்தது. நித்யஸ்ரீ பையிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். முகம் வெளுத்துக் கிடந்தது. நான் டப்பாவை வாங்கித் திறந்தேன்.

பால். பச்சைத் தண்ணீராய்ச் சில்லிட்ட பாலில் சாதம் மிதந்தது, கடுகு மிதந்தது. நான் காலையில் விட்ட ஒரு ஸ்பூன் தயிர் ஒரு ஓரத்தில் விட்டபடியே கிடந்தது. வாயில் போட்டேன். உப்புப் போட்ட குளிர்ந்த பால், நடுவில் பல்லில் கடிபடும் இஞ்சி. எனக்கே குமட்டியது. இந்தக் குளிரில் எந்த உறை பிடிக்கும்? வெயிலில் பஸ் ஏறி, பால்கனியில் வெந்து, நான் திறக்கிற நேரத்துக்குத்தான் அது தயிராகியிருக்கிறது. தினமும் பொழுது சாய்ந்த பிறகு தின்றுபார்த்து, மதியத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

"ஏமி சார், கெட்டுப் போச்சா?" என்றார் சுமலதா மிஸ்.

"சாதம் கெடல, மிஸ்" என்றேன்.

நித்யஸ்ரீயின் பக்கத்தில் மண்டியிட்டேன். "நீ சொன்னதுதான் சரிடா. இது பால்தான். அப்பாதான் தப்பு."

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சரி, பிடிக்கலன்னா அப்படியே வீட்டுக்குக் கொண்டு வர வேண்டியதுதானே? எதுக்குடா கொட்டினே?"

"வீட்டுக்குக் கொண்டு வந்தா அது கர்ட் ஆயிடுதுப்பா" என்றாள். "அப்புறம் நீ என்னை நம்ப மாட்டே."