ஐந்து நிமிட வேலை

தெருவில் அவரை டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவர். சட்டைப்பையில் டெஸ்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டு வாசலில், மகளுடைய மின்சாரக் கார் சார்ஜ் ஏறாமல் நின்றுகொண்டிருந்தது. சுவரில் மாட்டிய சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு. ராத்திரி முழுக்கச் செருகி வைத்தும் ஒன்பது சதவீதத்தைத் தாண்டவில்லை. நெடுஞ்சாலையில் இருக்கும் சார்ஜிங் நிலையம் வரைக்கும்கூட அது காணாது.

மகளுக்கு மலை உச்சியில் உள்ள வானிலை நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. பஸ் போகாத மலை. இன்றைக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. மனைவி இறந்தபிறகு பதினோரு வருடமாக அந்த வீட்டில் அவரும் அவளும் மட்டும்தான்.

கோளாறு என்னவென்று காலையில் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. எர்த் சரியில்லை. மழை இல்லாமல், எர்த் கம்பி புதைத்த சுவரோரத்துக் குழி காய்ந்து கிடந்தது. எர்த் கிடைக்காவிட்டால் சார்ஜர் மின்சாரத்தை விடவே விடாது. குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது. வாளியை எடுக்கப் போனவர், காரின் பின்சீட்டில் அவள் மடித்து வைத்திருந்த புது மழைக்கோட்டைப் பார்த்தார். கால் அப்படியே நின்றுவிட்டது. இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டு நாளைக்குப் போகட்டுமே. ஒரே ஒரு நாள். அதில் யார் குடி முழுகிவிடப்போகிறது?

"என்னப்பா, கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"பாக்கணும்மா. இது லேசுப்பட்ட கோளாறு இல்ல."

பாவி மனுஷன், வாய் கூசாமல் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. ஸ்விட்ச் போர்டைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எலியே இல்லாத வீட்டில், எலி கடித்திருக்குமோ என்று வயரைத் தடவிக்கொண்டே போனார். மெயினை அணைத்தார். அவள் டார்ச் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

ஃபேன் நின்றதும் வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. திரைச்சீலை வழியாக வந்த வெளிச்சம் தரையில் மெல்ல நகர்ந்தது. அவள் மலையைப் பற்றிப் பேசினாள். மேகம் அங்கே அறைக்குள்ளேயே வந்து போகுமாம். ஜன்னலைச் சாத்த மறந்தால் தலையணை நனைந்துவிடுமாம். அவர் ஒரே ஸ்க்ரூவை இறுக்குவதும் தளர்த்துவதுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க நாற்காலி, மேசை, சுவர் எல்லாம் வெள்ளையாய்க் கரைந்து மிதந்தன. வாசலில் நிற்பது கார் இல்லை, சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்துத் தூங்கிப்போன ஏதோ பெரிய பிராணி. அது எழுந்திருக்காத வரைக்கும் பொழுதும் நகராது. எத்தனை வருடமாயிற்று, இவள் இப்படி உட்கார்ந்து பேசி! அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

உச்சிவெயிலில் அவள் வெளியே போய் வானிலை நிலையத்துக்குப் போன் செய்தாள். திரும்பி வந்தபோது முகம் சின்னதாகியிருந்தது.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள வரலேன்னா, வேலைய அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்ப்பா."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"விடுங்கப்பா. உங்களாலயே முடியலேன்னா வேற எவன் வந்து என்ன பண்ணிடப்போறான்?" என்றாள். வாசலுக்குப் போய்க் காரைத் திறந்து, மழைக்கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் போய் மெயினைப் போட்டார். குழாயடிக்குப் போய் ஒரு வாளி. இன்னொரு வாளி. காய்ந்த குழி மடக் மடக்கென்று குடித்தது. கொஞ்ச நேரத்தில் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. கார் லேசாக உறுமியது.

சத்தம் கேட்டு அவள் ஓடி வந்தாள். விளக்கைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள்.

"தண்ணி ஊத்தினா போதுமா? எப்பப்பா தெரிஞ்சுது?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

"காலைலயே. அஞ்சு நிமிஷத்துல."

அவள் உள்ளே போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நாலு மணி நேரம் ஏறினால் மலைவரைக்கும் தாங்கும். இருட்டுவதற்குள் கிளம்பிவிடலாம். சதவீதம் ஒவ்வொன்றாக ஏறியது.

ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. இரண்டு டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"இத்தன கூத்து எதுக்குப்பா? போகாதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதாதா?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஏற்கனவே ஆறிப்போயிருந்தது.

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டியேம்மா."

அவள் கொஞ்சம் நகர்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.